நவீன உலக வரலாறு – 9: விடுதலைக்கு இழப்பீடு கட்டிய நாடு

முந்தைய பகுதியில் விளக்கப்பட்ட 1789 ஆகஸ்ட் 26ஆம் நாளின் மனித உரிமைப் பிரகடனத்தில், ஒன்றோடொன்று மோதக்கூடிய இரண்டு விதிகள் இடம்பெற்றிருந்தன. மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்றது முதல் விதி. சொத்துரிமை மீற முடியாதது, புனிதமானது என்றும், பொதுத் தேவைக்காக ஒருவரது சொத்தை எடுக்க நேர்ந்தாலும் அதற்கு முன்னதாகவே நியாயமான இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும் கூறியது பதினேழாவதும் கடைசியுமான விதி. மனிதரே மற்றொரு மனிதரின் சொத்தாகக் கணக்கேட்டில் எழுதப்பட்டிருந்த குடியேற்ற நாடுகளில் இவ்விரண்டில் எது நிலைபெறும் என்னும் கேள்விக்கு, கரீபியக் கடலில் பிரான்சின் உடைமையாக இருந்த சான்-தொமாங் விடை தேடியது. கல்லூரிப் பாடநூல்கள் பலவும் பிரெஞ்சுப் புரட்சியின் ஓர் ஓரக்குறிப்பாகக் கடந்துசெல்லும் இந்நிகழ்வு, உண்மையில் அப்புரட்சியின் கொள்கைகளுக்கு நேர்ந்த மிகக் கடுமையான சோதனையாகும்.

ஹிஸ்பானியோலா தீவின் மேற்கு மூன்றிலொரு பகுதியான இந்நிலம், 1697இல் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கிடைத்தது. 1789 அளவில் உலகிலேயே மிகுதியான சர்க்கரையையும் காப்பியையும் விளைவித்த குடியேற்ற நாடாக அது விளங்கியது. நாந்து, போர்தோ போன்ற பிரெஞ்சுத் துறைமுக நகரங்களின் செல்வத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. அச்செல்வத்தை உழைத்து ஈட்டியோர் ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள். அவர்களை ஆண்ட வெள்ளையரோ 40,000 பேருக்கும் குறைவு. இவ்விரு தரப்புக்கும் இடையில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பரும் கலப்பினத்தவருமாகிய சுமார் 30,000 பேர் இருந்தனர். அவர்களுள் சிலர் தாமே தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் உரிமையாளர்களாக இருந்தபோதிலும், வெள்ளையருக்குரிய அரசியல் உரிமைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. கரும்பு வெட்டுதல், இரவு பகலாக ஆலை ஓட்டுதல், சாறு காய்ச்சுதல் ஆகிய வேலைகளின் கடுமையால் அடிமைகளிடையே பிறப்பை விட இறப்பே மிகுந்திருந்தது. இறந்தோரின் இடத்தை நிரப்ப 1780களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 30,000 பேருக்கும் மேல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். ஆகவே 1791இல் கிளர்ந்தெழுந்தோரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள், சுதந்திர வாழ்வை நேரில் அறிந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. பாரிஸிலிருந்து வந்த துண்டறிக்கைகளே அவர்களுக்கு விடுதலை வேட்கையை ஊட்டின என்று எழுதுவது பொருந்தாது.

பாரிஸில் தோட்ட முதலாளிகள் தங்கள் நலன் காக்க மாசியாக் மன்றம் என்னும் அமைப்பை 1789இலேயே தொடங்கிவிட்டனர். அவர்களது செல்வாக்கின் விளைவாக, 1790 மார்ச் 8ஆம் நாள் தேசிய சபை, குடியேறிகளையும் அவர்களது சொத்துகளையும் நாட்டின் சிறப்புப் பாதுகாப்பில் வைப்பதாக அறிவித்தது. தீர்மானத்தில் ‘அடிமை’ என்ற சொல் இல்லை; சொத்து என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சுதந்திரக் கலப்பினத்தவருக்கு வாக்குரிமை கோரிக் கிளர்ந்த வின்சென்ட் ஓஜே, 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறிக்கும் தண்டனையால் கொல்லப்பட்டார்.

1791 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு வடக்குச் சமவெளியில் அடிமைகளின் எழுச்சி வெடித்தது. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. தொடக்கத் தலைவர்களுள் ஒருவரான புக்மான் அவ்வாண்டு நவம்பரிலேயே கொல்லப்பட்டும் எழுச்சி அடங்கவில்லை. 1793இல் பிரிட்டனும் ஸ்பெயினும் பிரான்சுடன் போரில் இறங்கிச் சான்-தொமாங்கைக் கைப்பற்ற முனைந்தபோது, கறுப்பரின் படைவலிமை இன்றி அந்நாட்டைத் தக்கவைக்க இயலாது என்பதை உணர்ந்த பிரெஞ்சு ஆணையர் சொந்தொனாக்ஸ், ஆகஸ்ட் 29ஆம் நாள் வடக்கு மாகாணத்தில் அடிமைமுறையை ஒழித்தார். அதனைப் பாரிஸின் கன்வென்ஷன், அதாவது முடியாட்சியை நீக்கிக் குடியரசை நிறுவிய பேரவை, 1794 பிப்ரவரி 4இல் எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் விரிவுபடுத்தியது. முதல் விதி வென்ற நாள் அது. எனினும் அவ்வெற்றி பேரவையின் கொடையன்று. களத்தில் ஆயுதம் ஏந்தியோர் ஏற்கெனவே பெற்றுவிட்டதற்குக் கிடைத்த சட்ட ஒப்புதலே ஆகும்.

அடிமையாகப் பிறந்து, எழுச்சிக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே விடுதலை பெற்றிருந்த தூசான் லூவெர்த்யூர், 1794இல் ஸ்பானியத் தரப்பை விட்டுப் பிரெஞ்சுக் குடியரசோடு இணைந்தார்; 1798இல் பிரிட்டிஷ் படைகளை வெளியேறச் செய்தார். அடிமைமுறையை என்றென்றைக்கும் ஒழித்த அவரது 1801ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அவரையே வாழ்நாள் ஆளுநராகவும் ஆக்கியது. ஏற்றுமதி வருவாயின்றிப் படையைப் பேண முடியாது என்று கருதிய அவர், விடுதலை பெற்ற உழவர்களைத் தோட்டங்களை விட்டு அகலவிடாமல் படைவீரர்களைக் கொண்டு கண்காணித்தார். தமக்கென ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற அம்மக்களின் விருப்பத்திற்கு அவரது ஆட்சி இடமளிக்கவில்லை. அவரைப் போற்றும் நூல்கள் விரைந்து கடக்கும் இப்பகுதியே, விடுதலைக்குப் பின் ஹைட்டி எனப் பெயர் பெற்ற அந்நாட்டின் உள்முரண்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது.

1802 தொடக்கத்தில், நெப்போலியன் தம் தங்கையின் கணவர் லெக்லெர்க்கின் தலைமையில் அனுப்பிய பெரும்படை வந்திறங்கியது. ஜூன் மாதம் சூழ்ச்சியால் கைது செய்யப்பட்ட தூசான், பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள ஜூ கோட்டைச் சிறையில் 1803 ஏப்ரல் 7ஆம் நாள் உயிரிழந்தார். மற்றொரு பிரெஞ்சுக் குடியேற்ற நாடான குவாதலூப்பில் அடிமைமுறை மீண்டும் நிறுவப்படுகிறது என்ற செய்தி பரவியதும், அதுவரை பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய கறுப்புத் தளபதிகளும் எதிரணிக்குத் திரும்பினர். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் லெக்லெர்க் உட்படப் பல்லாயிரம் பிரெஞ்சு வீரர்களை மாய்த்தது. 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேரில் தோற்ற பிரெஞ்சுப் படை நாட்டை விட்டு வெளியேற, 1804 ஜனவரி 1ஆம் நாள் அத்தளபதிகளுள் ஒருவரான ஜான்-ஜாக் தெசலீன் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார். அதைத் தொடர்ந்த மாதங்களில், எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையரில் சில ஆயிரம் பேர் அவரது ஆணையால் கொல்லப்பட்டனர் என்பதும் மறைக்கத்தகாத உண்மை.

புதிய நாட்டை எந்தப் பேரரசும் ஏற்கவில்லை. அமெரிக்கா 1806இல் அதனுடன் வணிகத்தைத் தடை செய்து, 1862இல்தான் அங்கீகாரம் அளித்தது. 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ், முன்னாள் தோட்ட உரிமையாளர்களின் இழப்பை ஈடுசெய்ய 15 கோடி பிராங்க் செலுத்தினால் விடுதலையை ஏற்பதாக ஆணையிட்டு, அதனைப் போர்க்கப்பல்களின் துணையுடன் அனுப்பிவைத்தார். ஹைட்டியின் குடியரசுத் தலைவர் புவாயே பணிந்தார். முதல் தவணைக்கே கருவூலத்தில் பணமின்றிப் பாரிஸ் வங்கிகளிடம் 3 கோடி பிராங்க் கடன் பெறப்பட்டது; கழிவு போகக் கைக்கு வந்ததோ 2 கோடியே 40 லட்சம். இழப்பீடும் அதற்காக வாங்கிய கடனும் சேர்ந்த இச்சுமையை வரலாற்றாசிரியர்கள் ‘இரட்டைக் கடன்’ என்பர். 1838இல் மீதத்தொகை 6 கோடியாகக் குறைக்கப்பட்ட பின்னும், காப்பி ஏற்றுமதி மீதான வரி பல பத்தாண்டுகளுக்கு அதற்கே போயிற்று. அவ்வரியின் பாரம் அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான சிறு உழவர்கள்மேல் விழுந்தது. பாதிக்கப்பட்டோர் பாதித்தோருக்கு ஈடு செலுத்திய இந்த ஏற்பாட்டில், பதினேழாம் விதி தன் பங்கை வட்டியுடன் திரும்பப் பெற்றது. 2003இல் ஹைட்டியின் குடியரசுத் தலைவர் அரிஸ்டீட் அத்தொகையைத் திருப்பித் தருமாறு பிரான்சிடம் கோரினார், கோரிக்கை ஏற்கப்படவில்லை.

1848இல் பிரான்சு தன் எஞ்சிய குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோதும், இழப்பீடு உரிமையாளர்களுக்கே சென்றது. ஆட்குறைவை ஈடுகட்ட 1850கள் முதல் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர் உள்ளிட்டோரை ஏற்றிச்சென்ற ஒப்பந்தக் கூலி முறை அடுத்த பகுதியில் ஆராயப்படும்.