எம்.எஸ்சி. கணிதம்: இடம் கிடைத்த பின் தொடங்கும் தடைகள்

பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. பக்கத்து மாவட்டமான அரியலூரின் குழுமூர் அனிதா, 2017 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1176 மதிப்பெண் பெற்றார். கணிதத்தில் 200க்கு 200. நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்ற பேச்சுக்கு இம்மண்ணில் இடமில்லை. ஆயினும், பி.எஸ்சி. முடித்த தலித் மாணவர் முதுகலைக்குச் செல்வாரா, கிடைத்த வேலைக்குச் செல்வாரா என்பதை, மதிப்பெண்ணைவிடக் கட்டணம் கட்டும் கடைசித் தேதியே பலநேரம் தீர்மானிக்கிறது.

முதலில் இடங்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. மீதமுள்ள 31 விழுக்காடு பொதுப் போட்டி. அது எந்தச் சாதிக்கும் சொந்தமானதன்று. ஒரு துறையில் 50 இடங்கள் என்றால் 9 பட்டியல் சாதியினருக்கு உரியவை. தரவரிசையில் முன்னணியில் வரும் தலித் மாணவரைப் பொதுப் பட்டியலில் சேர்த்த பிறகே அந்த 9 இடங்களை நிரப்ப வேண்டும். அவரையும் அந்த 9க்குள் அடக்கினால், பின்னால் நிற்கும் இன்னொரு தலித் மாணவரின் இடம் பறிபோகிறது.

அடுத்தது பணம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை பெறலாம். சுயநிதிக் கல்லூரிகளில் பயில்வோரின் கட்டாயக் கட்டணங்களையும் அரசே ஏற்கும் என்றது 2012 செப்டம்பரில் வெளியான அரசாணை 92. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் பின்னர் இதிலிருந்து விலக்கப்பட்டன. எனவே எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கிறார்கள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சிக்கல் காலத்தில் இருக்கிறது: கல்லூரி சேர்க்கை நாளிலேயே பணம் கேட்கிறது, உதவித்தொகையோ பின்னர்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களைக் கூலிக் குடும்பம் கடன் வாங்கிக் கடக்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதற்கு 2024இல் ஒரு வழக்கு சான்றானது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத் தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. தினக்கூலியான தந்தையால் 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியவில்லை, இடம் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, இறுதியில் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது அசாதாரண அதிகாரத்தால் கிடைத்த தீர்வு. வேப்பந்தட்டை மாணவியோ செந்துறை மாணவரோ ஒவ்வோராண்டும் டெல்லிக்குப் போக இயலாது.

இழப்பு ஓராண்டோடு முடிவதில்லை. உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முதுகலையில் 55 விழுக்காடு தேவை. பட்டியல் சாதியினருக்கு 50. அதன்மேல் நெட் அல்லது செட் தேர்ச்சி. கணிதத்திற்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நிதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆகவே முதுகலை வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது, நாளைய கல்லூரி ஆசிரியர் ஒருவரைத் தடுப்பதாகும்.

மாணவர் அமைப்புகள் செய்யக்கூடியவை உள்ளன. சாதி, வருமானச் சான்றிதழ்களைச் சேர்க்கைக்கு முன்பே பெற உதவுங்கள். கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழ்களை நிறுத்திவைத்தால், அதற்கு எதிரான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையைச் சுட்டி எழுத்தில் புகார் அளியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ், உங்கள் அரசுக் கல்லூரியின் எம்.எஸ்சி. கணிதச் சேர்க்கை இனவாரியாக எவ்வாறு நிரப்பப்பட்டது, உதவித்தொகை எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டியது சட்டக் கடமை. அந்த இரு விவரங்களும் கையில் இருந்தால், ஆதிதிராவிடர் நலத்துறையிடமும் தேவையெனில் உயர் நீதிமன்றத்திலும் வாதிட நமக்கு அடித்தளம் கிடைக்கும்.