தெரிந்துகொள்வது வேறு, உறவாடுவது வேறு

விந்தணு தானத்தின் மூலம் குழந்தைப்பேறு அடைய எண்ணும் தம்பதியர் எங்கள் ஆலோசனை அறையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். வெற்றி வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, கொடையாளருக்கு நோய் ஏதும் இல்லை என்பதற்கு உறுதி என்ன என்பவை முதலில் வரும். எல்லாம் பேசி முடித்து எழுந்து, கதவருகே சென்ற பிறகு கணவர் திரும்பி நின்று கேட்பார்: "டாக்டர், பின்னாளில் அந்த ஆள் வந்து குழந்தையைச் சொந்தம் கொண்டாட மாட்டாரே?" மனைவியின் கேள்வி வேறு: "பிள்ளை வளர்ந்த பிறகு அவரைத் தேடிப் போய்விடுமோ?"

முதல் கேள்விக்குச் சட்டமே விடை தருகிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021-இன்படி, இவ்வாறு பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். கொடையாளர் பெற்றோருக்குரிய உரிமைகள் அனைத்தையும் துறந்துவிடுகிறார். 21 முதல் 55 வயது வரையுள்ள ஆண்களிடமிருந்து, பதிவு பெற்ற வங்கிகள் வாயிலாகவே விந்தணு பெறப்படுகிறது. ஒரு கொடையாளரின் விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கவும் தடை உள்ளது. உடன்பிறந்தோர் அறியாமலேயே பின்னாளில் மணம் செய்துகொள்ள நேருமோ என்று அஞ்சுவோருக்கு இவ்விதி ஆறுதலாகும்.

இரண்டாம் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

மறைத்து வைத்த மருத்துவம்

இச்சிகிச்சை தொடங்கியதே மறைப்பில்தான். 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வில்லியம் பான்கோஸ்ட் என்னும் மருத்துவர், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தம் மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார். கணவரிடம் பின்னர் உண்மை கூறப்பட்டது. அப்பெண்ணிடம் கூறப்படவில்லை. அச்செய்தி அச்சில் வெளிவந்ததே 1909-இல்தான்.

அதன் பின்னரும் நெடுங்காலம், "யாரிடமும் சொல்லாதீர்கள், நீங்களும் மறந்துவிடுங்கள்" என்பதே மருத்துவர்களாகிய எங்கள் துறையினர் தந்த அறிவுரை. தம்பதியரைக் காக்கும் எண்ணத்தில் சொல்லப்பட்டதாயினும், பிறக்கப்போகும் பிள்ளையின் மனத்தை அது எண்ணிப் பார்க்கவில்லை.

பெற்றோரின் அச்சம்

1985-இல் சுவீடன் நாடு ஒரு புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொடையாளர் யார் என்பதை, தக்க முதிர்ச்சி அடைந்த பிள்ளை அறிந்துகொள்ளலாம் என்றது அச்சட்டம். உலகிலேயே இவ்வகையில் அதுவே முதலாவது. ஆனால், பிள்ளைக்கு உரிமை இருந்தும், தன் பிறப்பின் கதையை அது அறிந்தால்தானே கேட்க முடியும்? 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பெற்றோரே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லியிருந்தனர். ஆயினும் அவர்களுள் பலர் வேறு யாரேனும் ஒருவரிடம் அதைச் சொல்லியிருந்தனர். பிள்ளைக்குத் தெரியாத செய்தி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிந்திருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்த அச்சம் இன்னும் ஆழமானது. குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளில், "அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்" என்று பாட்டி மகிழ்ந்து சொல்லும் ஒரு சொல் போதும், தந்தையின் முகம் வாடிவிடும். ஆணுக்குக் குறை என்று ஊர் அறிந்துவிடக் கூடாது என்பதற்காக, மலடி என்ற பழியைத் தாமே ஆண்டுக்கணக்கில் சுமந்த மனைவியரும் உண்டு. பெற்றோர் மறைப்பது பெரும்பாலும் இந்த வலியைத்தான்.

கொடையாளரின் மனம்

அடையாளம் வெளிப்படும் என்றால் கொடையாளர் எவரும் முன்வர மாட்டார்கள் என்ற கவலை எல்லா நாடுகளிலும் எழுந்தது. சுவீடனில் தொடக்கத்தில் எண்ணிக்கை குறையவே செய்தது. பின்னர் அது மீண்டது. புதிதாக வந்தவர்களுள் வயதில் மூத்தவர்களும், சொந்தக் குடும்பம் உடையவர்களும் மிகுந்திருந்தனர். பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1 முதல் பதிவு செய்துகொண்ட கொடையாளரின் அடையாளத்தை, பிள்ளை 18 வயது நிறைந்தபின் கேட்டுப் பெறலாம். அங்கும் கொடை நின்றுவிடவில்லை.

கொடையாளருக்கும் அச்சங்கள் உண்டு. சொத்துரிமை கேட்டு யாரேனும் வந்துவிடுவார்களோ, தம் மனைவி மக்கள் என்ன நினைப்பார்களோ என்பவை அவை. அதே வேளையில், மாணவப் பருவத்தில் சிந்தனையின்றிக் கொடுத்துவிட்டு, தமக்கென ஒரு குழந்தை பிறந்து அதை மடியில் ஏந்தும்போதுதான், "அந்தப் பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறதோ" என்று எண்ணத் தொடங்குபவர்களும் உண்டு. அவர்கள் விரும்புவது பெரும்பாலும் பிள்ளையின் நலச் செய்தியை மட்டுமே.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இங்கு ஒரு தெளிவை ஏற்படுத்தியது. 2017 மார்ச் 1 முதல், பெயர் வெளிவராது என்ற உறுதியின் பேரில் முற்காலத்தில் தானம் செய்தவர்களின் அடையாளத்தையும் பிள்ளைகள் அறியலாம் என்று சட்டம் அமைந்தது. ஆனால் தம்மைத் தொடர்புகொள்ளலாமா, எந்த வகையில் தொடர்புகொள்ளலாம் என்பதைக் கொடையாளர் பதிவு செய்யலாம். தொடர்பே வேண்டாம் என்றும் கூறலாம். தெரிந்துகொள்வது வேறு, உறவாடுவது வேறு என்பதை ஏற்ற ஏற்பாடு இது. அம்மாநிலத்தில், இளம் வயதிலேயே குடல் புற்றுநோய்க்கு ஆளான ஒரு பெண், தம் உயிரியல் தந்தையின் பிற பிள்ளைகளும் எச்சரிக்கப்பட வேண்டும் என்று போராடியது இச்சட்டத்திற்கு வலுச்சேர்த்தது.

பிள்ளைகள் கேட்பது என்ன?

கலிபோர்னியாவில் ஒரு விந்தணு வங்கி 1983 முதலே, 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்குக் கொடையாளரின் அடையாளத்தைத் தரும் திட்டத்தை நடத்திவருகிறது. முதல் பத்தாண்டுகளில், தகுதியுள்ளவர்களுள் மூன்றில் ஒருவரைச் சற்றே மிஞ்சிய அளவினர் மட்டுமே அதைக் கேட்டுப் பெற்றனர். கேட்டவர்களும் அவர் எப்படிப்பட்டவர் என்பதையே பெரிதும் அறிய விரும்பினர். வளர்த்த தந்தைக்கு மாற்றாக ஒருவரைத் தேடியவர்கள் அரிது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்பாக் குழுவினர், கொடையாளர் வழியாகவும் வாடகைத்தாய் வழியாகவும் உருவான குடும்பங்களைக் குழந்தைப் பருவம் தொட்டு 20 வயது வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. ஏழு வயதுக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்ட குடும்பங்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு மேலாக இருந்தது. தாய்மாரின் மனநலமும் நன்றாக இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டில் கொடையாளரின் அடையாளம் பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தரப்படுவதில்லை. சிகிச்சை பற்றிய தகவல்கள் தேசியப் பதிவகத்தில் காக்கப்படும். மருத்துவ அவசரத்தில் தம்பதியரின் வேண்டுகோளின் பேரிலும், நீதிமன்ற ஆணையின் பேரிலுமே அவை வெளியிடப்படும். எனவே, தொடர்பு வேண்டுமா என்பதை முடிவு செய்யும் நிலை நம் பெற்றோருக்கு இன்று இல்லை. ஆனால் சொல்வதா, வேண்டாமா என்பது முழுவதும் அவர்கள் கையில் உள்ளது. உமிழ்நீரைக் கொண்டே மரபணு உறவைக் கண்டறியும் பரிசோதனைகள் எளிதாகிவிட்ட இக்காலத்தில், மறைத்தது மறைந்தே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே சிகிச்சைக்கு முன்பே கணவனும் மனைவியும் தனியே அமர்ந்து இதைப் பேசிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்குத் தெரியலாம், யாருக்கு வேண்டாம் என்பதையும் முடிவு செய்யுங்கள். பிள்ளையிடம் சொல்வதாயின், கதை கேட்கும் வயதிலேயே தொடங்குங்கள். "நீ வேண்டுமென்று அம்மாவும் அப்பாவும் மிகவும் ஆசைப்பட்டோம். அதற்கு வேண்டிய வித்து அப்பாவிடம் இல்லை. பெயர் தெரியாத நல்லவர் ஒருவர் கொடுத்தார். டாக்டர் உதவினார். நீ வந்தாய்" என்ற அளவு போதும். வளர வளரப் பிள்ளையே மேலும் கேட்கும். சொல்லும்போது தந்தை அருகில் இருப்பது மிக முக்கியம். அவர் பெயர் தெரியாது என்பதையும் ஒளிக்காமல் கூறிவிடுங்கள்.

பிள்ளை வளர்ந்துவிட்டதே என்று கலங்குவோர் எங்கள் மனநல ஆலோசகரைச் சந்தித்துப் பேசிய பிறகு சொல்லலாம். சண்டையின் நடுவிலும், திருமணப் பேச்சின் போதும், மருத்துவமனைப் படுக்கையிலும் சொல்வதைத் தவிருங்கள்.

இன்னும் ஒன்று. "அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா? இதய நோய் உண்டா?" என்று பிள்ளையின் மருத்துவர் கேட்கும்போது பெற்றோர் வழக்கமான விடையையே சொல்லிவிடுகின்றனர். அது தவறான சிகிச்சைக்கு வழிகோலலாம். பிள்ளைக்கு இன்னும் தெரியாவிட்டாலும், மருத்துவரிடம் தனியே உண்மையைக் கூறுங்கள். கூறியது வெளியே போகாது.

கதவருகே நின்று கேட்கும் தாய்மாரிடம் இப்போதெல்லாம் நாங்கள் இவ்வாறு சொல்கிறோம்: பிள்ளை என்றேனும் அவரைப் பற்றிக் கேட்கலாம். கேட்டால், அக்கேள்வியை முதலில் உங்களிடம் கொண்டுவரும்படி வளர்த்திருங்கள். பள்ளிக்கு அழைத்துச் சென்றவரும், காய்ச்சல் இரவில் கண்விழித்தவரும் யார் என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.