மாலை ஐந்து மணிக்குப் பிறகு

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனைப் போலீசார் அழைத்துச் சென்றார்கள். யாரோ கொடுத்த சிறு பொட்டலத்தை வேறொருவரிடம் சேர்க்க ஐந்நூறு ரூபாய் வாங்கியிருக்கிறான். தகப்பனார் மீன்பிடிப் படகில். தாயார் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஏழு மணியாகும். பள்ளி விட்டதும் அவன் எங்கே போகிறான் என்று, பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் ஒரு நாள் கேட்டதில்லை.

நம் தீவுகளைச் சுற்றி இந்த ஆபத்து பெருகிவிட்டது. 2024 நவம்பரில் பாரன் தீவருகே மியான்மர் படகொன்றில் கடலோரக் காவல்படையினர் பிடித்த போதைப்பொருள் மட்டும் சுமார் 6000 கிலோ. அவ்வளவு பெரிய வியாபாரத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மாட்டிக்கொள்பவன் நம் வீட்டுப் பிள்ளை.

சிறார் நீதிக் குழுமம் அவனுக்கு ஆலோசனை வழங்கி, பெற்றோருடன் அனுப்பிவைத்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் காப்பகத்துக்கு அனுப்புவது கடைசி வழிதான். அவர்களுடைய பெயரைப் பத்திரிகையில் போடவும் கூடாது. ஆனால் எங்கள் தெருவுக்குப் பத்திரிகை எதற்கு? ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பங்குனி உத்திரத்தன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற வந்தவனை, "நீ போப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு பெரியவர் திருப்பி அனுப்பினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த உறுத்தலோடுதான் விடுமுறைக்குக் கப்பலேறினேன். சென்னையில் என் மைத்துனர் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கு அழைத்துப் போனார். வடசென்னை என்றாலே அடிதடி என்று சினிமா பார்த்துப் பழகிய நமக்கு அந்த மைதானம் ஓர் ஆச்சரியம். அங்கே தங்கராஜ், உமாபதி என்ற இரு நண்பர்கள் 1997-இல் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கால்பந்துப் பயிற்சி இலவசம். கூடவே மாலைநேரப் படிப்பு. புழுதியில் ஓடும் சிறுவர்களையும், கோட்டுக்கு வெளியே நின்று அவர்களை அதட்டும் பெரிய பையன்களையும் பார்த்துக்கொண்டே நின்றேன். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்த நந்தகுமார் சேகர் வியாசர்பாடிப் பிள்ளைதான். எல்லோரும் நந்தகுமார் ஆக முடியாது. எனக்குப் பட்டது வேறு: ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, என் வீட்டுத் திண்ணையில் கேரம் பலகையைப் போட்டேன். முதல் வாரம் அவன் மட்டும் வந்தான். இப்போது ஏழெட்டுப் பேர். சின்னவர்களுக்கு அவனே கணக்கும் சொல்லித்தருகிறான். சில தாய்மார்கள் இன்னும் தங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்கள் பயத்தையும் குறை சொல்ல மாட்டேன்.

என் திண்ணையில் இனி இடமில்லை. நம் சங்கக் கூடமோ விழா நாட்கள் தவிர மாலையில் பூட்டியே கிடக்கிறது. வரும் பொதுக்குழுவில் அதன் சாவியைக் கேட்கப் போகிறேன். ஐந்து முதல் ஏழு மணி வரை, வாரத்துக்கு ஒரு நாள் வந்து உட்கார ஆறு பெரியவர்கள் வேண்டும். திங்கட்கிழமை என்னுடையது. இரண்டு கேரம் பலகைகளும் நான் தருகிறேன். ஒன்றில் மட்டும் ஒரு மூலை சற்றுத் தேய்ந்திருக்கும்.