பொறிகள் பல, மூலம் ஒன்று



கணிப்பொறி என்று ஒரே சொல்லால் நாம் குறித்தாலும், அப்பொறிகள் யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல் வகைச் செயலி இருக்கும், கைப்பேசியில் ஏ.ஆர்.எம். வகைச் செயலி இருக்கும். ஒன்றின் கட்டளை மொழி மற்றொன்றுக்குப் புரியாது. ஆயினும், லினக்ஸ் என்னும் இயக்க முறைமை இவ்விரண்டிலும் இயங்குகிறது. இஃது எவ்வாறு இயன்றது? அதன் மூல நிரல் வகுத்து வைக்கப்பட்டுள்ள முறையிலேயே விடை அடங்கியுள்ளது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ், முதலில் பி.டி.பி.-7 என்னும் பொறியின் சொந்தக் கட்டளைகளிலேயே எழுதப்பெற்றது. 1973-இல் அதனைச் சி என்னும் மொழியில் திருப்பி எழுதினர். சி மொழியில் எழுதியதை, அந்தந்தப் பொறிக்குரிய தொகுப்பி என்னும் நிரல் அப்பொறியின் கட்டளைகளாக மாற்றித் தரும். 1977-ஐ ஒட்டி, இன்டர்டேட்டா என்னும் வேறினப் பொறிகளுக்கும் யூனிக்ஸ் கொண்டு செல்லப்பட்டது. இயக்க முறைமையின் பெரும்பகுதி எப்பொறிக்கும் பொதுவானதே என்பது அப்போது தெளிவாயிற்று.

கோப்புகளைப் பேணுதல், எவ்வேலை முன், எவ்வேலை பின் என்று வரிசைப்படுத்துதல், வலைத்தொடர்பை நடத்துதல் ஆகியவை பொதுப் பணிகள். பொறி விழித்தெழும் முதற்கணத்தில் செய்யவேண்டியவை, நினைவகத்தைப் பங்கிடும் அட்டவணையின் அமைப்பு போன்றவை பொறிக்கே உரியவை. இவ்விரண்டாம் வகையை லினக்ஸில் ‘ஆர்ச்’ என்னும் தனி அடைவில், செயலிக்கு ஓர் உள்ளடைவாக வைத்திருக்கின்றனர்.

வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களையே இதற்கு உவமையாகக் கூறலாம். கொல்கத்தாவில் இருப்பினும் மும்பையில் இருப்பினும் வீட்டினுள் வழங்கும் மொழியும் பொங்கல் திருநாளும் ஒன்றே. கடைத்தெருவில் மட்டும் ஓரிடத்தில் வங்காளமும் மற்றோரிடத்தில் மராத்தியும் பேசுகிறோம். ஊர் மாறுந்தோறும் குடும்பத்தையே மாற்றி அமைப்பார் இல்லை.

இம்முறைக்கு இன்றியமையாத ஒழுங்கு ஒன்று உண்டு. ‘இவ்வேலையை நிறுத்தி அவ்வேலையைத் தொடங்குக’ என்று பொதுப்பகுதி ஒரே பெயரால் ஆணையிடும்; அதனை நிறைவேற்றும் வழியை ஒவ்வொரு பொறிப்பகுதியும் தன் இயல்புக்கேற்ப வகுத்துக்கொள்ளும். ‘நீ எந்தப் பொறி?’ என்று பொதுப்பகுதி இடந்தோறும் கேட்கத் தொடங்கினால், புதுப்பொறி ஒன்று வரும்போதெல்லாம் நூறு இடங்களைத் திருத்த நேரிடும்.

ஒழுங்கு தளர்ந்தால் விளையும் இடர் சிறிதன்று. இன்டெல் வகையின் 32 பிட், 64 பிட் பொறிகளுக்கு முன்னர்த் தனித்தனி அடைவுகள் இருந்தன. ஒன்றில் கண்ட பிழையைத் திருத்துவோர் மற்றதை மறந்தால், அப்பொறியை நம்பியவர் பழுதுடனேயே விடப்படுவர். அப்பழுது பாதுகாப்பைப் பற்றியதாயின் அவர்தம் செய்திகளே களவு போகக்கூடும். 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24-ஆம் பதிப்பில் அவ்விரண்டும் ஓரடைவாயின.

ஏ.ஆர்.எம். பகுதியிலோ, சிறு வேறுபாடுடைய ஒவ்வொரு பலகைக்கும் தனி நிரல் குவிந்தது. 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின், பலகையின் உறுப்புகளை நிரலாக எழுதாது, ஒரு விவரப் பட்டியலாகத் தனியே தரும் முறை பரவிற்று. 2012 டிசம்பரில் வந்த 3.7-ஆம் பதிப்பு முதல், பலவகை ஏ.ஆர்.எம். பலகைகளுக்கு ஒரே உட்கரு போதுமானதாயிற்று.

இதனால் நம் நாட்டுக்கும் பயன் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைக்கப்பெற்ற ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சார்ந்தவை. 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15-ஆம் பதிப்பிலேயே அவ்வகைக்கு லினக்ஸில் இடம் கிடைத்தது. ஆகவே, புதுச் செயலி படைப்போர் இயக்க முறைமையை அடியிலிருந்து எழுத வேண்டுவதில்லை. தம் பொறிக்குரிய சிறுபகுதியை எழுதினாற் போதும். பொதுவானதைப் பொதுவில் வைத்து, தனியானதைத் தனியிடத்தில் நிறுத்திய முன்னோரின் உழைப்பு, பின்வருவோர்க்குத் திறந்த வாயிலாக நிற்கின்றது.