ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்?

கடற்கரை ஊரொன்றில் வலிமா விருந்து. பெண்கள் பகுதியில் விரிப்பின் மீது சஹன்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. சஹனுக்கு நால்வர். நெய்ச்சோறும் களரிக் கறியும் மணக்க, ஓரத்தில் பிரெட் அல்வா பளபளக்க, எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் சுவரோரமாக அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த சிறிய டிபன் டப்பாவைத் திறக்கிறாள்.

“என்ன புள்ள, எங்க வீட்டுச் சோறு உனக்குப் பிடிக்கலையா?” என்கிறார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்.

“உடம்புக்கு ஒத்துக்காது மாமி.”

“ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்? பிஸ்மி சொல்லிச் சாப்பிடு, ஒண்ணும் செய்யாது!”

அந்த அம்மையாரின் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த அன்புக்குப் பணிந்து அப்பெண் ஒரு வாய் உண்டிருந்தால், அடுத்த சில நாட்களை வயிற்று வலியோடும் சோர்வோடும் கழித்திருப்பாள். அவள் மறுத்தாள். மறுத்ததற்காகப் “பெருமை பிடித்தவள்” என்ற பெயரோடு வீடு திரும்பினாள். அன்றிரவு அவளுடைய உம்மா என்னிடம் சொன்னது இன்னும் செவியில் ஒலிக்கிறது: “நோயைக்கூடச் சமாளித்து விடலாம், விருந்தைச் சமாளிக்க முடியவில்லை.”

அப்பெண்ணுக்கு இருப்பது சீலியாக் நோய். நம் இல்லங்களில் அதிகம் கேள்விப்படாத பெயர்தான். எனினும் ஒவ்வொரு குடும்பத் தலைவியும் அறிந்திருக்க வேண்டிய பெயர்.

நோய் என்பது எது?

கோதுமையில் ‘குளூட்டன்’ என்னும் பசைப்புரதம் உண்டு. பரோட்டா மாஸ்டர் மைதா உருண்டையை வீசி வீசி விரிக்கும்போது அது கிழியாமல் துணி போல் நீள்கிறதே, அதற்குக் காரணம் இந்தப் பசைதான். பார்லியிலும், மேலை நாடுகளில் விளையும் ரை என்னும் தானியத்திலும் இதே இனத்துப் புரதங்கள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு இவற்றால் எத்தீங்கும் இல்லை. ஆனால் பிறவியிலேயே சில மரபுக்கூறுகளைப் பெற்றவர்களுள் சிலருக்கு, இப்புரதம் குடலை அடைந்ததும் உடலின் காவற்படையே தன் சொந்தக் குடலைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல் நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை.

அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை குறைதல், வளர்ச்சி குன்றுதல், பருவமடைவதில் தாமதம், எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் தீராத இரத்தசோகை, வாய்ப்புண், எலும்பு பலவீனம் எனப் பல வேடங்களில் இது வெளிப்படும். சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இராது. சோகை மட்டுமே அடையாளமாக இருக்கும்.

இந்நோய்க்குக் காரணம் கோதுமையே என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில், மற்றவர் நலிந்து கொண்டிருக்க, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். மீண்டும் ரொட்டி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. கோதுமையின் மீது முன்பே ஐயம் கொண்டிருந்த டிக்கே, 1950இல் தம் ஆய்வேட்டின் வாயிலாக அதை நிலைநாட்டினார். அன்று முதல் இன்று வரை இந்நோய்க்கான மருந்து ஒன்றே: குளூட்டன் கலந்த உணவை வாழ்நாள் முழுதும் அறவே தவிர்ப்பது.

நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரம் பேரில் ஒருவருக்குமாகக் காணப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்ட வடபுலத்தார் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டனர். தென்புலத்தார் உண்டதோ 25 கிராம்தான். அரிசிச் சோறு நம்மைப் பெருமளவு காத்து வந்திருக்கிறது என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

ஆனால் இன்று நம் வீடுகளின் நிலை என்ன? சர்க்கரை நோய்க்கு அஞ்சி இரவில் சப்பாத்தி, கடைத்தெருவில் பரோட்டா, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் நூடுல்ஸும். கோதுமை பெருகிய வீட்டில் இந்நோய் வெளிப்படும் வாய்ப்பும் பெருகும். தெற்கே அரிதென்பதால் இது எல்லா மருத்துவர்களின் நினைவுக்கும் உடனே வருவதில்லை. நான் குறிப்பிட்ட அப்பெண்ணும் பல ஆண்டுகள் சோகைக்கும் பூச்சிக்கும் மருந்துண்ட பின்னரே நோய் அறியப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஐயம் எழுந்தவுடன் கோதுமையை நீங்களே நிறுத்தி விடாதீர்கள். முதலில் இரத்தத்தில் எதிர்ப்பொருளைச் சோதிப்பார்கள். பிறகு தேவைப்பட்டால் உள்நோக்கிக் குழாய் வழியே சிறுகுடலின் துணுக்கை எடுத்து ஆராய்வார்கள். கோதுமை உண்பதை முன்பே விட்டுவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகக்கூடும். நோய் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கும் இது இருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம் என்பதால் அவர்களும் சோதித்துக் கொள்வது நலம்.

அடுக்களையில் ஒளிந்திருக்கும் கோதுமை

சப்பாத்தியும் பரோட்டாவும் ஆகாது என்பது எளிதில் புரிந்துவிடும். மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பதைச் சிலர் மறந்து விடுகிறார்கள். சமோசா, கோதுமை சேமியா, தம்ரூட், கோதுமைப் பாலில் கிண்டும் அல்வா, ஹலீம் ஆகிய யாவும் இந்தப் பட்டியலில் அடங்கும். இவற்றை விடவும் ஆபத்தானவை கண்ணுக்குத் தெரியாதவை. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது. சோயா சாஸில் கோதுமை உண்டு. பொரித்த கோழியின் மேல்மாவில் மைதா இருக்கலாம். நோயாளிக்கென்று நாம் வாங்கிச் செல்லும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து செய்யப்படுபவை. நலம் விசாரிக்கச் செல்லும்போது ரொட்டியும் பிஸ்கட்டும் மால்ட் புட்டியும் கொண்டு செல்வது நம் வழக்கம். இந்நோயாளிக்கு அம்மூன்றுமே நஞ்சு!

தெருக்கோடி மாவு மில்லையும் மறக்கக் கூடாது. கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்து நம் புட்டரிசியைக் கொட்டினால், மாவோடு கோதுமையும் கலந்தே வரும். சமோசா பொரித்த எண்ணெயில் வடை சுட்டாலும், பரோட்டா போட்ட கல்லில் தோசை வார்த்தாலும் அதே கதைதான்.

“இவ்வளவு நுணுக்கம் பார்க்க வேண்டுமா?” என்று கேட்கத் தோன்றும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து சேர்ந்தாலே குடல் பாதிக்கப்படுவதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ இரண்டு கிராம் குளூட்டன் இருக்கும். அப்படியானால் அத்துண்டின் நாற்பதில் ஒரு பங்கே போதும். “ஒரு வாய்தானே” என்பதன் பொருள் இப்போது விளங்கும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டுமாயின், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

ஆறுதலான செய்தியும் உண்டு. மேலை நாட்டு நோயாளி விலை உயர்ந்த தனி ரொட்டியைத் தேடி அலைகிறார். நமக்கு அந்தத் தேவையே இல்லை. இடியப்பம், ஆப்பம், புட்டு, அரிசிப் பத்திரி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, மீன், இறைச்சி, முட்டை, பருப்பு வகைகள் எல்லாம் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டலப்பத்தைவிடச் சிறந்த விருந்து இனிப்பு எது? நம் மூத்த தலைமுறைப் பெண்களின் சமையலுக்குத் திரும்பினாலே பாதி மருத்துவம் முடிந்தது.

நோன்பும் பெருநாளும்

உணவுமுறையைச் சரியாகப் பேணி உடல் தேறியவர்கள், மருத்துவரின் ஆலோசனையோடு மற்றவரைப் போலவே நோன்பு நோற்கலாம். உடல் தேறாதவர்களுக்கு, வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளும் சலுகையைத் திருமறையே வழங்கியிருக்கிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் இவர்களுக்குத் தடையில்லை. அரிசி நொய்யும் பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியிலும் கோதுமை இல்லை. எனினும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுபவரிடம், வேறேதும் சேர்க்கிறாரா என்று ஒருமுறை கேட்டறிவது நன்று. பெருநாள் காலையில் சேமியாப் பாயசத்துக்குப் பதில் ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சினால், வீட்டில் எவரும் ஏங்கி நிற்க வேண்டியதில்லை.

பார்லிக் கஞ்சியான தல்பீனாவைப் பற்றிச் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்படுகிறது. நோயுற்றவருக்கு ஆறுதல் தருவதாக ஹதீஸில் வந்துள்ள உணவாயிற்றே, அதை மறுப்பதா என்கிறார்கள். இங்கே அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து தேறி வந்தபோது நடந்ததை நினைவுகூர்வோம். வீட்டில் தொங்கிய பேரீச்சங் குலையிலிருந்து அவர்கள் உண்ணத் தொடங்கியபோது, நீர் இன்னும் உடல் தேறாதவர் என்று கூறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கீரையும் பார்லியும் சேர்த்துச் சமைத்த உணவு வந்ததும், இது உமக்கு ஏற்றது என்று உண்ணச் சொன்னார்கள். பேரீச்சம்பழம் பரக்கத்தானது என்பதில் யாருக்கு ஐயம்? ஆயினும் அந்த உடலுக்கு அந்த நேரத்தில் எது தகும் என்பதே பார்க்கப்பட்டது. அன்று பார்லி ஒருவருக்கு உகந்தது; இன்று இன்னொருவருக்கு அதுவே ஆகாதது. ஏற்றதை உண்பதும் ஆகாததைத் தவிர்ப்பதும் நபிவழிதான்.

விருந்தில் மறுப்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது, தம் ஊரில் பழக்கமில்லாத உணவு என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக் கொண்டார்கள். அருகிலிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். மறுத்தவரை எவரும் வற்புறுத்தவில்லை; உண்டவரை எவரும் தடுக்கவில்லை. விருப்பமின்மைக்கே இத்தனை இடமிருக்க, நோய்க்கு இடமில்லையா?

பெண் பேசும் வேளையில்

இந்நோயுள்ள பெண்ணின் பெற்றோரை மிகவும் வாட்டும் கவலை திருமணம். “சொன்னால் சம்பந்தம் தட்டிப் போகும்” என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்துக் கட்டிக் கொடுத்தால், புகுந்த வீட்டில் முதல் நாளே பரோட்டாத் தட்டு முன்னால் வரும். உண்டால் உடல் கெடும். மறுத்தால் மனம் கெடும். ஆகவே நிக்காஹுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுவதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு சொல். இது தொற்றுநோயன்று, அவள் உண்ட தட்டினால் எவருக்கும் வராது. கவனிக்கப்படாத சீலியாக் நோய் சிலருக்குக் கருத்தரிப்பதில் தடையையும் கருச்சிதைவையும் உண்டாக்குவது மெய்யே. ஆனால் நோயை அறிந்து உணவைப் பேணும் பெண் பெரும்பாலும் நலமாக வாழ்ந்து தாய்மை அடைகிறாள். அஞ்ச வேண்டியது மறைக்கப்பட்ட நோய்க்கும் பேணப்படாத உணவுக்குமே.

சஹனை விரிவாக்குவோம்

சகோதரிகளே! ஒரே சஹனில் கூடி உண்பது நம் சகோதரத்துவத்தின் அடையாளம். காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் இன்றும் அது வாழ்கிறது. இந்நோயுள்ளவர்களுக்கோ, பிரெட் அல்வாவைத் தொட்ட கை அதே சோற்றில் படுவதுதான் ஆபத்து. நெய்ச்சோற்றிலும் களரிக் கறியிலும் கோதுமைக்கு வேலையில்லை. அப்படியிருக்க, அவர்களைச் சுவரோரம் அனுப்புவதைவிட, அல்வாவைத் தனிக் கிண்ணத்தில் கடைசியாக வைப்பது அரிய செயலா?

விருந்துக்கு அழைக்கும்போதே, “உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஆகாத உணவு உண்டா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சோற்றையும் கறியையும் பிற கரண்டிகள் படுமுன் சட்டியிலிருந்து முதலில் எடுத்து வையுங்கள். மறுப்பவரை ஒருமுறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள்.

அப்பெண்ணின் வீட்டில் சென்ற பெருநாளன்று நான் கண்ட காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் கோதுமையே வாங்கவில்லை. பெருங்காயத்தை விட்டுவிட்டார்கள், மாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டார்கள். சோற்றுக்கு நடுவே கறி, ஓரத்தில் வட்டலப்பம். வாப்பாவும் உம்மாவும் தம்பியும் அமர்ந்த அதே சஹனில் அவளும் கை வைத்தாள். எவரும் அவளைப் பார்த்து “ஒரு வாய்தானே” என்று சொல்லவில்லை. அவள் வயிறு நிறைய உண்டாள்.

ஒரு வீட்டால் இயன்றது ஓர் ஊரால் இயலாதா? எல்லா நோயாளிகளுக்கும் நல்ல உடல்நலத்தையும், நமக்கு அவர்களைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! ஆமீன்.