கடல் கடந்த மாணவர் கண்டது

அந்நிய தேசங்களுக்குக் கல்வி கற்கச் செல்லும் நம் இளைஞர்கள் வீட்டிற்கு எழுதும் கடிதங்களில் பனிமழையையும், பூமிக்கடியில் ஓடும் ரயிலையும், வானளாவும் மாளிகைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக வர்ணிப்பது வழக்கம். அவை காணத்தக்க காட்சிகளே, குறைகூற மாட்டோம். ஆனால் டாக்டர் அம்பேத்கர் தமது மேல்நாட்டு வாசத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதிவைத்த குறிப்பு வேறு விதமானது. அங்கே வசித்த காலத்தில், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே தம் மனத்தைவிட்டு அடியோடு அகன்றுவிட்டதாக அவர் எழுதுகிறார். நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறோம். இந்நாட்டில் பிறந்த ஒருவர் தமக்குச் சுமத்தப்பட்ட இழிவை மறப்பதற்குச் சமுத்திரம் தாண்ட வேண்டியிருந்தது!

அவர் மறந்தது இன்னதென்பதையும் சொல்லியாக வேண்டும். சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வகுப்பில் தனியே உட்காருவதற்கு ஒரு கோணித்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய், மாலையில் அதைத் திரும்பச் சுமந்து வருவார். தாகம் எடுத்தால் குழாயைத் தம் கையால் தொடலாகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

இப்படி வளர்ந்தவர் 22 வயதில், 1913-ம் வருஷம் ஜூலை மாதம், பரோடா சமஸ்தானம் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உபகாரச் சம்பளத்தோடு நியூயார்க் நகரில் இறங்கினார். படித்து முடித்தபின் பத்து வருஷம் சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாகப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். கொலம்பியா சர்வகலாசாலையின் மாணவர் விடுதியில், நவல் பதேனா என்னும் பார்ஸி இளைஞரோடு ஒரே அறையில் வாசம். காலையில் எழுந்தால் எல்லோருக்கும் பொதுவான குழாய். பசித்தால் எல்லோருக்கும் பொதுவான மேஜை. வகுப்பில் காலியாயிருக்கும் எந்த ஆசனமும் அவருடையது. புத்தகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் கை விலகி நிற்பதில்லை. இவற்றில் அதிசயம் என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்கலாம். கோணித்துணி சுமந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

கிடைத்த சுதந்திரத்தை அவர் கேளிக்கையில் செலவிடவில்லை. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், சரித்திரத்தில் 11, 1915-ல் எம்.ஏ. பட்டம், 1916-ம் வருஷம் மே மாதம் இந்திய ஜாதிகளின் தோற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை. ஜான் டூயி, ஸெலிக்மன் முதலிய ஆசிரியர்களையும் உடன் படித்தோரில் சிலரையும் தம் வாழ்வில் கிடைத்த மிகச் சிறந்த நண்பர்களென்று அவர் 1930-ல் குறிப்பிட்டிருக்கிறார்.

அமெரிக்காவைச் சுவர்க்க பூமியென்று கொண்டாடுவது நமது நோக்கமன்று. அதே காலத்தில் அந்நாட்டின் தென் மாகாணங்களில் கறுப்பு மக்களுக்குத் தனி ரயில் வண்டியும் தனிப் பள்ளியும் வைத்திருந்தார்கள். அது சட்டப்படி செல்லும் என்று 1896-லேயே அந்நாட்டு உயர்ந்த நீதிஸ்தலம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அவர்களுடைய வீட்டிலும் அழுக்கு இருந்தது என்பதால் நம் வீட்டு அழுக்கு சுத்தமாகிவிடாது.

பின்னர் லண்டனில் படிக்கச் சென்ற அம்பேத்கர், சமஸ்தான உதவி நின்றமையால் படிப்பைப் பாதியில் விட்டு, 1917-ல் தாயகம் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்கு ஊழியம் ஏற்கப் போனார். ரயிலடியில் இறங்கியதும் மனத்தில் எழுந்த முதற் கேள்வி, எங்கே போவது என்பதுதான். ஹிந்துக்களின் விடுதிகளில் இடம் கிடைக்காது என்பது தெரியும். அவ்வூரில் அமெரிக்கா சென்று படித்து வந்த நண்பர்களும் இருந்தார்கள். அங்கே சமமாகப் பழகிய அவர்கள் இங்கே தம் வீட்டுக் கதவைத் திறப்பார்களா? திறப்பார்கள் என்று நம்ப அவருக்குத் துணிவு வரவில்லை. அவர்களுடைய வாசலுக்குப் போகாமலே ஒரு பார்ஸி சத்திரத்தை நாடினார். மேல்நாட்டில் படித்துவந்த நம்மவர் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டும். அவர்களும் அதே பொது மேஜையில் உண்டவர்கள். அதே கலாசாலைப் படிகளில் ஏறியவர்கள். அப்பாடம் பம்பாய்த் துறைமுகத்திலேயே கரைந்துபோயிற்றா?

சத்திரத்தில் பார்ஸிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு, தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த மேல்மாடியில் மங்கிய விளக்கொளியில் தனியே தங்கினார். பதினோராம் நாள் காலை, கையில் தடியுடன் சுமார் பன்னிரண்டு பார்ஸிகள் படியேறி வந்து, மாலைக்குள் வெளியேற உத்தரவிட்டார்கள். அவர் அடைக்கலம் கேட்ட ஹிந்து நண்பர் ஒருவரும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். இரண்டு கண்டங்களில் பயின்ற பண்டிதர், இரவு ஒன்பது மணி வண்டி வரும்வரை, சுமார் ஐந்து மணி நேரம் நகரத்துப் பூங்காவில் பொழுதைப் போக்கிவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார்.

விட்ட படிப்பை முடிக்க 1920-ல் மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார். கோல்ஹாப்பூர் மகாராஜா சாஹு பொருளுதவி செய்தார். குறைந்த தொகையைக் கடனாகக் கொடுத்தவர், நியூயார்க் விடுதியில் அவருடன் ஒரே அறையில் இருந்த பதேனா.