சாயக் கழிவுநீரிலிருந்து உப்பை மீட்கும் நானோ வடிகட்டல் சவ்வுகள்

திருப்பூர்ச் சாயக் கழிவுநீரில் முதலில் கண்ணில் படுவது நிறம். ஆயினும் நொய்யல் ஆற்று நீரையும் ஒரத்துப்பாளையம் அணை நீரையும் பாசனத்திற்கு உதவாதவையாக்கியதில் பெரும்பங்கு உப்பிற்கே உரியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. திரவக் கழிவை அறவே வெளியேற்றாமை, அவை மீண்டும் இயங்குவதற்கான நிபந்தனையாயிற்று. அந்நிபந்தனையை நிறைவேற்றுவதில் நானோ வடிகட்டல் சவ்வு எவ்வாறு பயன்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பருத்தி இழையின் மேற்பரப்பு நீரில் எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் வினைபுரி சாயங்களும் எதிர்மின் அயனிகளே. எனவே இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. இவ்விலக்கத்தைத் தளர்த்தவே லிட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 80 கிராம் வரை சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ சாயத்தொட்டியில் சேர்க்கப்படுகிறது. துணியில் தங்குவது சாயம் மட்டுமே. உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

எதிர்ச் சவ்வூடுபரவல் இவ்வுப்பை அழிப்பதில்லை. சிறிதளவு நீரில் செறிவாக்கித் தருகிறது. அச்செறிநீரை ஆவியாக்குவது பெருஞ்செலவு. ஒரு கன மீட்டர் நீரை ஒரே கட்டத்தில் ஆவியாக்க ஏறத்தாழ 630 கிலோவாட் மணி வெப்பம் தேவை; பல கட்ட ஆவியாக்கிகள் இதைக் குறைத்தாலும் தேவை பெரிதாகவே இருக்கிறது. இறுதியில் எஞ்சும் கலப்பு உப்பு மறுபயனுக்கு ஏற்றதன்று. மூட்டைகளாகக் கிடங்கில் தங்கிவிடுகிறது.

நானோ வடிகட்டல் சவ்வு இங்குதான் வேறுபடுகிறது. நீரில் கரைந்த பைப்பரசினும், கரிமக் கரைப்பானில் கரைந்த டிரைமெசாயில் குளோரைடும் இரு திரவங்களின் எல்லையில் வினைபுரிந்து மெல்லிய பாலிஅமைடு படலமாகின்றன. அப்படலத்திலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் நடுநிலை நீரில் எதிர்மின் தன்மை அடைகின்றன. சாய மூலக்கூறு தன் பருமனால் தடுக்கப்படுகிறது. இரட்டை மின்சுமை கொண்ட சல்பேட் வலுவாக விலக்கப்படுகிறது; ஒற்றை மின்சுமை கொண்ட குளோரைடு, சோடியத்துடன் பெருமளவு கடந்து செல்கிறது. கடந்து வரும் தெளிந்த உப்புநீர் மீண்டும் சாயத்தொட்டிக்கு உதவும்.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சவ்வுகளின் விலக்குதிறன் பெரும்பாலும் லிட்டருக்கு 2 கிராம் அளவிலான நீர்த்த கரைசலில் அளக்கப்படுகிறது. சாயத்தொட்டியில் இழைக்கும் சாயத்துக்கும் இடையிலான விலக்கத்தை உப்பு தளர்த்துவது போலவே, செறிந்த கழிவுநீரில் சவ்வின் மின்விலக்கத்தையும் அது தளர்த்துகிறது. குளோரைடு மேலும் எளிதாகக் கடக்கும் என்பது நமக்குச் சாதகமே. சல்பேட்டும் ஓரளவு கசியக்கூடும் என்பதுதான் இடர். ஆகவே நீர்த்த கரைசலில் பெற்ற விழுக்காட்டை ஆலை வடிவமைப்பிற்கு அப்படியே எடுத்தாள்வது, என் கருத்தில், இத்துறைக் கட்டுரைகளில் காணப்படும் முதன்மையான பிழை.

ஆலை சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால் வழி வேறு. அது சாயத்துடன் சவ்வின் முன்புறமே தங்கிவிடும். 32.4 பாகை செல்சியஸுக்குக் கீழே அதன் கரைதிறன் விரைந்து குறைவதால், செறிநீரைக் குளிர்வித்துப் பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகமாகப் பிரித்தெடுக்கலாம்; சாயத்தை முன்னரே நீக்கியிருத்தல் வேண்டும்.